வாய்ப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு கரண்ட் சிகிச்சை: காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் நீலகிரிக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

வாய், நாக்கு, தாடை, தொண்டை ஆகிய இடங்களில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலருக்கு அடுத்து கதிர்வீச்சும் தேவைப்படும். ‘கரண்ட் வைக்கிறது’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஆபரேஷன் நடந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள், அதாவது 42 நாளுக்குள், இது தொடங்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். ஜூன் 1 ஆபரேஷன் என்றால் ஜூலை 13. மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் பெருக இடம் கிடைக்கிறது, நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன், கதிர்வீச்சு இரண்டுக்குமே இடம் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இது ஒரு ஆளுக்கு அல்ல, ரேஷன் கார்டில் இருக்கும் குடும்பத்துக்கே சேர்த்து. அதனால் ஆபரேஷனுக்கு எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்குவது எங்கே என்றால், ஆபரேஷனுக்குக் கிடைத்த அப்ரூவல் கரண்டுக்கும் செல்லும் என்று நினைத்துக்கொள்வதில். செல்லாது. கதிர்வீச்சுக்குத் தனியாக முன் அனுமதி வாங்க வேண்டும். அதை அனுப்புவது ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டர். அதற்கு அவர்கள் கேட்பது சதை ரிப்போர்ட், அதாவது ஆபரேஷனில் எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு. அது வரவே ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். ‘புண் ஆறட்டும், அப்புறம் போகலாம்’ என்று குன்னூரிலோ கோத்தகிரியிலோ வீட்டில் இருந்துவிட்டால், ரிப்போர்ட் அங்கே அலமாரியில் கிடக்கும், நாள் இங்கே ஓடிக்கொண்டிருக்கும். புண் ஆறுவதும் காகிதம் நகர்வதும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

ஆபரேஷன் ஓரிடம், கரண்ட் வேறிடம் என்றால் வேலை இன்னும் கூடும். இரண்டாவது ஆஸ்பத்திரி இந்தத் திட்டத்தில் கதிர்வீச்சுக்கு அங்கீகாரம் பெற்றதா என்று முதலில் கேளுங்கள். சதை ரிப்போர்ட்டோடு ஸ்லைடு (சதையை மெல்லிசாகச் சீவி ஒட்டிய கண்ணாடித் தகடு), மெழுகு பிளாக் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துண்டு) எல்லாம் அங்கே கேட்கலாம். அவற்றை முதல் ஆஸ்பத்திரியின் லேபில் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கத்தவர்கள் கோழிக்கோட்டுக்கோ மைசூருக்கோ போவது வழக்கம். மாநிலம் தாண்டினால் நம் அட்டை எடுபடுமா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது பல். கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு லேசில் ஆறாது. அதனால் சொத்தைப் பற்களை முன்னாலேயே எடுத்துவிடுவார்கள், அந்தக் காயம் ஆற இரண்டு வாரம் போல வேண்டும். ஆபரேஷன் மேஜையிலேயே அவற்றையும் எடுத்துவிட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடிந்தால் அந்த இரண்டு வாரம் மிச்சம். அப்புறம் முகத்துக்கு அச்சு மாஸ்க் செய்து, சிடி ஸ்கேன் எடுத்து, கதிர் எங்கே விழ வேண்டும் என்று திட்டம் போடுவார்கள். அதற்கும் சில நாட்கள் ஆகும்.

அட்டையே இல்லாதவர்கள் விஏஓ மூலம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

திட்டத்தில் வராத செலவு தங்கும் இடம். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம் போல கரண்ட் இருக்கும். வாயும் தொண்டையும் வெந்த நிலையில் மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஏறி இறங்குவது ஆகாத காரியம். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் அன்றைய கரண்ட்டும் போச்சு, நடுவில் விடுபடும் நாளும் பலனைக் குறைக்கும். கோவையில் கரண்ட் என்றால் அங்கே சொந்தக்காரர் வீடோ, தர்ம சத்திரமோ முன்னமே பாருங்கள். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் இருந்தால் அவரிடமும் விசாரிக்கலாம்.

அப்ரூவல் இழுத்தடித்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லலாம். பேசும்போது அட்டை எண்ணோடு ஆபரேஷன் தேதியையும், 42ஆவது நாள் என்றைக்கு வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.