சாதிலிங்க விட்டில்

ஐரோப்பியப் புல்வெளிகளில் மே முதல் ஜூலை வரை பறக்கும் டைரியா ஜேக்கபியே என்ற பூச்சியை 'இலவங்க அந்துப்பூச்சி' என்று எழுதுகிறார்கள். இரண்டு சொற்கள், இரண்டும் பிழை.

ஆங்கிலப் பெயரான 'சினபார் மாத்' என்பதில் முதலில் இருப்பது சினபார். கிரேக்கக் கின்னபாரி லத்தீன் வழியே இப்படி ஆனது. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த செந்நிறத் தாது அது. இந்தப் பூச்சியின் பின்னிறகுகளும் அதே சிவப்பு. இலவங்கப்பட்டைக்கான சினமன் வேறு சொல். சினபாருக்குச் சித்த மருத்துவத்தில் இன்றும் புழங்கும் பெயர் சாதிலிங்கம். அதில் வடமொழி வாடை வீசுகிறது, புதிதாகச் 'செந்தூள்' என்று ஆக்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செந்தூள் என்றால் செங்கல் தூளும்தான். தூய்மைக்காகத் தெளிவை இழக்கக் கூடாது.

அந்து விஷயம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. குதிரில் கொட்டிய நெல்லை உள்ளிருந்து தின்று கோதாக்கும் சின்னஞ்சிறு பூச்சியைத்தான் உழவர்கள் அந்து என்கிறார்கள். 'நெல்லில் அந்து விழுந்துவிட்டது' என்றால் என்ன இழப்பு என்று கிராமத்தில் எல்லோருக்கும் புரியும். அந்தச் சொல்லை, ஆங்கிலத்தில் மாத் எனப்படும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பொதுப்பெயராக நீட்டினால், நெல்லைத் தின்னும் பூச்சிக்குத் தனிப்பெயர் எங்கே போவது?

இந்தப் பூச்சியோ தானியத்தின் பக்கமே போவதில்லை. பெண்பூச்சி ராக்வார்ட் என்ற மஞ்சள் பூச்செடியின் இலையடியில் கொத்தாக முட்டையிடும். மஞ்சளும் கறுப்பும் வளையமிட்ட புழுக்கள் அந்த இலையைத் தின்று, அதன் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்ளும். பறவைகள் தொடத் தயங்கும். வளர்ந்த புழு மண்ணுக்குப் போய்க் கூட்டுப்புழுவாகிக் குளிர்காலத்தைக் கழிக்கும். அடுத்த கோடை தொடங்கும்போது இறகோடு வெளிவரும். ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். குதிரைக்கும் மாட்டுக்கும் நஞ்சான அந்தச் செடியை ஒடுக்கவே 1929இல் நியூசிலாந்துக்கு இதைக் கொண்டுபோனார்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் பெயரிட்டபோதே, ஜேக்கபியா என்ற அந்தச் செடியின் லத்தீன் பெயரைத்தான் இதற்குச் சூட்டினார். மொழிபெயர்ப்பாளர் அறிவியல் பெயரை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

மாத் என்பதற்கு விட்டில் என்பதே பொருந்தும். விட்டில் விளக்கைச் சுற்றுவது, இது பகலில் பறக்கிறதே என்பார்கள். இரவிலும் பறக்கும், விளக்குக்கும் வரும். பழைய நூல்களில் விட்டில் வெட்டுக்கிளியையும் குறிப்பது உண்மை; இன்று அதற்கு வெட்டுக்கிளி என்ற பெயரே நிலைத்துவிட்டதால் குழப்பமில்லை. அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை ஒட்டிவிட்டு நகரும் பழக்கம் அறிவியல் தமிழில் பெருகிவருகிறது. பாடநூல் எழுதுவோரும் அதையே எடுத்தாள்கிறார்கள்.

சாதிலிங்க விட்டில் என்றே எழுதுங்கள். முதலில் வரும் இடத்தில் அறிவியல் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.