தொப்பைக்குள் ஒரு சுரப்பி

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் டீ ஃபேக்டரிக்குள் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: நசுக்கிய பச்சைக் கொழுந்து காற்றுபடக் கிடந்தால் கொஞ்ச நேரத்தில் செம்பு நிறமாகிவிடும். செல்கள் உடைந்து, உள்ளிருந்த பாலிஃபீனால்கள் என்ற தாவரச் சேர்மங்கள் ஆக்சிஜனோடு வினைபுரிவதால் வருகிற நிறம் அது. டீக்கு மணம் தருகிற ஆக்சிஜனேற்றம், நம் செல்களுக்குள் அளவு மீறினால் கேடு. பருமனோடு சர்க்கரையும் உள்ளவர்களிடம் அது மீறித்தான் போகிறது.

தொடக்கம் தொப்பைக் கொழுப்பில். வெறும் சேமிப்பு என்றுதான் அதை வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1994-இல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஃப்ரீட்மேனின் குழு லெப்டினைக் கண்டுபிடித்த பிறகு, கொழுப்பும் ஒரு சுரப்பி என்பது தெளிவானது. ‘கையிருப்பு போதும்’ என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன் லெப்டின். பருமனானவர்களுக்கு அது குறைவாக இருக்கும் என்றுதானே தோன்றும்? உண்மையில் அதிகம், மூளைதான் காதில் வாங்குவதில்லை. இன்சுலினுக்கும் இதே கதி. கணையம் கூடுதலாகச் சுரந்தும் தசையும் கல்லீரலும் மசிவதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அடிபோனெக்டின். இன்சுலினுக்குத் துணைநின்று அழற்சியை அடக்கும் இந்த ஹார்மோன் கொழுப்பில்தான் சுரக்கிறது. ஆனால் கொழுப்பு கூடக்கூடக் குறைந்துபோகிறது.

அப்புறம் ஆக்சிஜன். குளுக்கோஸும் கொழுப்பு அமிலமும் மிதமிஞ்சிக் குவியும்போது, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கசிந்து, சூப்பராக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவம் உண்டாகிறது. செல் சவ்வு, புரதம், டி.என்.ஏ. எதையும் அது விடாது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் கேட்டலேஸ் போன்ற காப்பு நொதிகள் மிகக் குறைவு. அதனால் அவை எளிதில் சேதமாகும். சேதமானால் சர்க்கரை ஏறும், ஏறினால் சூப்பராக்சைடு இன்னும் கூடும்.

‘கிரீன் டீயில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிற ஆன்டி ஆக்சிடன்ட் இருக்கிறதே, நாலு கப் குடித்தால் சரியாகிவிடாதா?’ என்று இங்கே பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இன்னொரு ஆன்டி ஆக்சிடன்டான வைட்டமின் ஈ மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்விலும் சர்க்கரைக்காரர்களின் இதயத்துக்குப் பலன் கிடைக்கவில்லை. சூப்பராக்சைடு உண்டாவதைத்தான் குறைக்க வேண்டும். சர்க்கரை போட்ட டீயும் மைதா வர்க்கியும் அதைக் கூட்டத்தான் செய்யும்.

எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். மேட்டில் ஏறி நடக்கும்போது சுருங்கும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் சர்க்கரை இறங்கிவிடாமல் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நடக்கட்டும். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. எடை சரியாக இருந்தாலும் இதைத் தாண்டியவர்கள் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுவது நல்லது.