‘மிக்ஸ்டு மீடியா’ வாழ்த்து அட்டை: தமிழில் எப்படிச் சொல்வது?

கைவினை வகுப்பு அறிவிப்புகளில் ‘மிக்ஸ்டு மீடியா கிரீட்டிங் கார்டு’ என்ற வரி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. தமிழில் போட நினைப்பவர்கள் அதைக் ‘கலப்பு ஊடக வாழ்த்து அட்டை’ என்று எழுதிவிடுகிறார்கள். படிப்பவருக்கு நாளிதழும் டிவியும்தான் நினைவுக்கு வரும். வண்ணம், பட்டுத்துண்டு, நார், பசை என்று பலதையும் வைத்துச் செய்யும் அட்டைக்கு இந்தப் பெயர் பொருந்தவில்லை. காவிரிப் படுகையில் இதே முறையில் பல தலைமுறையாக வேலை நடந்து வருகிறது. அதனால் இங்கே இந்தச் சொல்லைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற அக்கறை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

முதலில் பொருள். ஒரே படைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைப் பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கலை மிக்ஸ்டு மீடியா. நீர்வண்ணத்தில் ஒரு வயலை வரைந்து, அதன் மேல் நிஜ வைக்கோலை ஒட்டினால் அது இந்த வகை. நீர்வண்ணத்தில் மட்டும் எத்தனை நிறம் சேர்த்தாலும் அது வெறும் நீர்வண்ண ஓவியம்தான்.

‘மீடியம்’ என்பது லத்தீன் சொல். நடு என்று பொருள். ‘மீடியா’ அதன் பன்மை. நடுவில் நின்று ஒன்றை இன்னொன்றோடு சேர்ப்பது எதுவோ அது மீடியம். ஓவியர்கள், வண்ணப்பொடியைப் பிடித்து வைக்கும் எண்ணெயையும் பசையையும் அப்படி அழைத்தார்கள். அப்புறம் எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம், கரித்துண்டு என்று படம் போடும் பொருளுக்கே அந்தப் பெயர் வந்தது. நாளிதழ், வானொலி போன்றவற்றை ஒட்டுமொத்தமாக மீடியா என்று சொல்வது 20ஆம் நூற்றாண்டில் பரவிய வழக்கம். நம் ‘ஊடகம்’ இந்தப் பின்னால் வந்த பொருளுக்கு வாய்த்த அருமையான சொல். ஊடு என்றால் இடை, நடு. செய்தி ஊடே வந்து சேர்கிறது, சரி. ஆனால் அட்டையில் ஒட்டிய பட்டுத்துண்டு எதையும் ஊடே கொண்டுவரவில்லை. அதுவே படத்தின் ஒரு பகுதி. போதாததற்கு, ‘மல்டிமீடியா’வுக்குப் பல்லூடகம் என்ற சொல் கணினித் தமிழில் நிலைத்துவிட்டது. அது ஒலியும் அசையும் படமும் சேர்ந்தது. கலப்பு ஊடகம் என்றால் இந்த இரண்டும் குழம்பும்.

‘கலப்பு’ என்ற பாதியும் எனக்குச் சரியாகப் படவில்லை. கலந்த பிறகு எது எது என்று பிரித்துப் பார்க்க முடியாது, பாலும் தண்ணீரும் போல. இந்தக் கலையிலோ ஒவ்வொரு பொருளும் தன் முகத்தோடு தெரிய வேண்டும். துணி துணியாகவும் நார் நாராகவும் இருப்பதில்தான் அழகு. ஆகவே ‘பல்பொருள்’ என்பதே என் தேர்வு. பல்பொருள் அங்காடி என்று கடைப் பலகைகளில் எல்லோரும் படித்துப் பழகிய சொல்லாதலால் விளக்கம் தேவைப்படாது. பல்பொருள் ஓவியம், பல்பொருள் சிற்பம், பொதுவாகப் பல்பொருள் கலை. செய்பவர் பல்பொருள் ஓவியர்.

இதன் நெருங்கிய உறவு ‘கொலாஜ்’. ஒட்டு என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. 1912-ல் பிகாசோ, பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார். ஐரோப்பிய ஓவியத்தில் அது பெரிய திருப்பம். தமிழில் ‘ஒட்டுச்சித்திரம்’ கச்சிதமாக இருக்கிறது, மாற்ற வேண்டியதில்லை.

நம் ஊரில் ஒட்டிச் செய்யும் படம் அதைவிடப் பழையது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் ‘பலகைப்படம்’ என்றே ஒரு பெயர் உண்டு. மராத்திய மன்னர்கள் காலத்தில், குறிப்பாக 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த இரண்டாம் சரபோஜியின் ஆதரவில் செழித்த கலை. பலாப்பலகையில் துணியை ஒட்டி, சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து, படத்தைக் கோட்டில் வரைவார்கள். நகை, தூண், மண்டப வளைவு வரும் இடங்களில் சுண்ணாம்புத் தூளும் பசையும் சேர்ந்த ‘மக்கு’ என்னும் குழைவை வைத்து மேடாக்குவார்கள். அதில் கண்ணாடிக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கை (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டி, கடைசியில்தான் வண்ணம். மரம், துணி, சுண்ணாம்பு, கல், தங்கம், வண்ணம் என்று ஒரே படத்தில் ஆறு பொருள்! பல்பொருள் ஓவியம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்தப் படத்தைக் காட்டினால் போதும்.

வாழ்த்து அட்டைக்கு டெல்டா தரும் பொருள்களில் என் மனம் போவது நெட்டியிடம்தான். குளம் குட்டைகளில் வளரும் நீர்ச்செடி. மேல்தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்ற மெத்தென்ற தண்டு. பெரிய கோயிலைச் சிறிதாகச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறார்களே, அது இந்தத் தண்டில் செய்ததுதான். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலையும் இதுவே. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கூரான கத்தியால் தண்டைக் குறுக்கே மெல்லியதாகச் சீவினால் வட்ட வட்டமாக வரும். நான்கை ஒன்றன்மேல் ஒன்று சற்றுத் தள்ளி ஒட்டினால் பூ. நீளவாக்கில் சீவிய பட்டையில் கோபுரத்தின் அடுக்குகளை வெட்டலாம். நெட்டி ஈரத்தை உறிஞ்சும். ஆகையால் நீர்த்த பசை வேண்டாம். கெட்டிப் பசையைக் குச்சி நுனியில் தொட்டுப் புள்ளியாக வைத்தால் போதும்.

அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாள் நல்லது. மெல்லிய தாள் பசையின் ஈரத்தில் நெளிந்துவிடும். பலகைப்படத்தில் வண்ணம் கடைசி. தாளில் வரிசை மாறும். நீர்வண்ணம் முதலில், அது முழுக்கக் காய்ந்த பிறகு திருபுவனம் பட்டுத்துண்டோ வாழைநாரோ, அதன் மேல் நெட்டி, கடைசியில் ரேக்கு.

சரி, ‘கிரீட்டிங் கார்டு’? வாழ்த்து என்ற சொல்லின் அமைப்பைப் பாருங்கள். தாழ் – தாழ்த்து, வீழ் – வீழ்த்து, அதேபோல வாழ் – வாழ்த்து. நல்லா வாழணும் என்று சொல்லும் எண்ணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அச்சிட்ட அட்டை அனுப்பும் வழக்கம் மேற்கிலிருந்து வந்தது. 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி அச்சிட்டதை முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்பார்கள். இங்கே அது பொங்கல் வாழ்த்தாக வேர் பிடித்துக்கொண்டது. ‘வாழ்த்து அட்டை’ தவறில்லை. ஒற்றைத் தாளாக இருந்தால் அதுவே பொருத்தம். மடித்துத் திறக்கும் வகைக்கு ‘வாழ்த்து மடல்’ என்பேன். தாழை மடல், காது மடல் என்று நாம் சொல்லும் அதே மடல் கடிதத்துக்கும் வழங்குகிறது. உள்ளே எழுத இடம் வைத்துச் செய்வதற்கு அந்தப் பெயர் தகும்.

ஆக முழுப்பெயர் ‘பல்பொருள் வாழ்த்து மடல்’. கண்காட்சிகளில் ஓவியத்துக்குக் கீழே பொருள்களின் பெயரை எழுதி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மடலின் பின்பக்கமும் அப்படியே சின்ன எழுத்தில் எழுதிவிடுங்கள்: ‘பல்பொருள் வாழ்த்து மடல். நீர்வண்ணம், பட்டு, நெட்டி, தங்க ரேக்கு.’ தபாலில் அனுப்புவதாக இருந்தால் மேலே ஒரு கனமான அட்டையை வைத்து உறையில் போடுங்கள். இல்லாவிட்டால் முத்திரை குத்தும் வேகத்தில் நெட்டி நசுங்கிவிடும்.