‘ஸ்ஸ்ஸ்’ சத்தத்தைக் கழித்தவர்

எங்கள் வீட்டு கேசட் டெக்கின் முகப்பில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. பக்கத்தில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இரண்டு எதிரெதிரே பார்த்து நிற்பது போல ஒரு சின்னம். அதை அழுத்தினால், பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் சட்டென்று அடங்கும். கூடவே ஜால்ராவின் கணீரும் வயலினின் மினுக்கமும் அடங்கிப்போகும். போர்வைக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும். “அதைத் தொடாதே, பாட்டு மங்கிடும்” என்பார் அண்ணன். அதனால் அந்தப் பொத்தானை வீட்டில் யாரும் தொடுவதில்லை.

பொத்தான் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. நாங்கள்தான் பொருந்தாத கேசட்டுகளை வைத்துக்கொண்டு அதை அழுத்தியிருக்கிறோம். எனக்கு இது புரிந்தது பல வருடங்கள் கழித்து, ரே டால்பி என்ற இயற்பியலாளர் என்ன செய்தார் என்று படித்தபோதுதான்.

டால்பி என்றால் இன்று தியேட்டர் சுவரில் ஒளிரும் ஒரு பெயர். அது ஒரு மனிதரின் பெயர் என்பதே பலருக்குத் தெரியாது. 1933இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் பிறந்து, சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வளர்ந்தவர். பள்ளி மாணவராக இருந்தபோதே, 1949இல், ஆம்பெக்ஸ் என்ற டேப் ரெக்கார்டர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தொலைக்காட்சிப் படத்தைக் காந்த நாடாவில் பதியும் முதல் வெற்றிகரமான கருவியை அந்த நிறுவனம் 1956இல் வெளியிட்டது. சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் அதை உருவாக்கிய சிறு குழுவில் டால்பியும் ஒருவர். ஒலிக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகள் போதும். படத்துக்கோ பத்து லட்சக்கணக்கில் வேண்டும். அவ்வளவு வேகத்தில் நாடாவை ஓட்டினால் ஒரு நிகழ்ச்சிக்கே மைல்கணக்கில் நாடா செலவாகும். அதற்குப் பதில் நாடாவை மெதுவாக விட்டு, பதியும் ஹெட்டுகளை நிமிடத்துக்கு 14,400 முறை சுழலவிட்டார்கள். நாடா நகர்வது விநாடிக்கு 38 சென்டிமீட்டர்தான்; ஆனால் ஹெட் அதன் மேல் ஓடும் வேகம் ஏறக்குறைய அதைப்போல 100 மடங்கு.

இப்படி ஒரு வெற்றியைப் பார்த்த பிறகு யாராக இருந்தாலும் அந்தத் தொழிலிலேயே தங்கியிருப்பார்கள். டால்பி ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியல் பட்டம் முடித்த கையோடு, 1957இல் மார்ஷல் உதவித்தொகை பெற்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டார். கேவண்டிஷ் ஆய்வகத்தில் நீண்ட அலைநீள எக்ஸ் கதிர்கள் பற்றி ஆராய்ந்து, 1961இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் இந்த ஆராய்ச்சியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். என் கண்ணுக்கு முக்கியமான இடமே அதுதான்.

ஒரு பொருளின் மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சினால் அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிர்களை வெளிவிடும். அந்த ஆற்றலை அளந்தால் உள்ளே இருப்பது என்ன தனிமம் என்று சொல்லிவிடலாம். இரும்பு, செம்பு போன்றவற்றில் இது சுலபம். போரான், கார்பன் போன்ற இலேசான தனிமங்களில்தான் தகராறு. கார்பனின் எக்ஸ் கதிர் துகளுக்கு ஆற்றல் சுமார் 280 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. அது வாயு நிரப்பிய எண்ணும் கருவியில் நுழைந்தால் பத்து எலக்ட்ரான்களை விடுவிக்கும், அவ்வளவுதான். பத்து என்பது ஒரு முறை எட்டாக இருக்கும், இன்னொரு முறை பதின்மூன்றாக இருக்கும். எண்ணிக்கை குறைந்தால் ஊசலாட்டம் விகிதத்தில் பெரிதாகும் என்பது புள்ளியியலின் விதி. அதனால் போரானின் அளவீடு கார்பனின் அளவீட்டின் மேல் ஏறிப் படுத்துவிடுகிறது. வரைபடத்தில் இரண்டின் மேடுகளும் கலந்து ஒரே மேடாகத் தெரியும்.

இந்த மேட்டை வடிகட்டிப் பிரிக்க முடியாது. எங்கே வெட்டினாலும் இரண்டும் சேர்ந்துதான் போகும். டால்பி வெட்டவில்லை. ஒவ்வொரு தனிமமும் தனியாக இருந்தால் மேடு எந்த வடிவில் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். அப்படியானால் கலந்து வந்ததைச் சில இடங்களில் அளந்து, எதில் எதை எந்த விகிதத்தில் கழித்தால் அசல் கிடைக்கும் என்று சமன்பாடு போட்டுத் தீர்க்கலாம். பள்ளியில் நாம் போட்ட ஒருங்கமை சமன்பாடுகள்தான். அந்தக் கூட்டல் கழித்தலை அவர் மின்சுற்றுகளைக் கொண்டே செய்யவைத்தார்.

சரி, இதை மனதில் வைத்துக்கொண்டு இந்தியாவுக்கு வருவோம். 1963இல் டால்பி ஐக்கிய நாடுகள் சபையின் ஆலோசகராக இந்தியாவுக்கு வந்து, சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனத்தில் இரண்டு வருடம் இருந்தார். அங்கே நம் நாட்டு இசையை டேப்பில் பதிந்து கேட்பது அவருக்குப் பிரியமான வேலை. தம்பூரா சுருதியின் மேல் ஒரு குரல் மெல்ல எழும் இடத்தை டேப்பில் கேட்டுப் பாருங்கள். குரலுக்கு முன்னால் ‘ஸ்ஸ்ஸ்’தான் எழும். அதை ஒழிக்கும் யோசனை அவருக்குப் பிறந்தது இந்தியாவில்தான்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் பூசிய இரும்பு ஆக்சைடு துகள்கள். ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோ மீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள ஊசி, தனித்தனிக் காந்தம். பாட்டு இந்தக் காந்தங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதில் எழுதப்படுகிறது. ஹெட்டின் அடியில் ஒரு கணத்தில் பல துகள்கள் கடக்கும். ஆனால் அவை ஒரே சீராக அடுக்கப்பட்டவை அல்ல. ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். அந்த ஊசலாட்டத்தைத்தான் காது ‘ஸ்ஸ்ஸ்’ என்று கேட்கிறது. கேம்பிரிட்ஜில் எலக்ட்ரான்களை எண்ணும்போது வந்த அதே ஊசலாட்டம், இங்கே துகள்களின் எண்ணிக்கையில்.

துகள் அதிகமானால் சத்தம் விகிதத்தில் குறையும். அதனால்தான் ஒலிப்பதிவுக்கூடங்களில் அகல நாடாவை வேகமாக ஓட்டினார்கள். வீட்டு கேசட்டில் எல்லாமே எதிர்ப்பக்கம்: நாடாவின் மொத்த அகலம் 3.81 மில்லிமீட்டர், அதற்குள் நான்கு தடங்கள். வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர், கூடத்தின் 38 சென்டிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. இரைச்சல் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டால்பிக்கு முன்பே பலர் இதற்கு ஒரு வழி பார்த்திருந்தார்கள். பதியும்போது மெல்லிய ஒலியைப் பெரிதாக்கி எழுது, கேட்கும்போது அதே அளவு சிறிதாக்கு. அப்போது இடையில் நாடா சேர்த்த இரைச்சலும் சேர்ந்து சிறிதாகும். யோசனை நல்லதுதான். ஆனால் அவர்கள் மொத்த ஒலியையும் இப்படி ஏற்றி இறக்கினார்கள். பாட்டு உரத்து வரும்போது இரைச்சலும் கூடவே எழுந்து அமரும். யாரோ பின்னால் மூச்சு விடுவது போலக் கேட்கும். திடீரென்று ஒரு தாளம் விழுந்தால் சுற்று சுதாரிப்பதற்குள் ஒலி சிதையும்.

டால்பி இதைத் தலைகீழாக யோசித்தார். உரத்த ஒலிக்கு உதவி தேவையே இல்லை, அதைத் தொடக்கூடாது. ஒலியை இரண்டு பாதைகளில் அனுப்பினார். முதன்மைப் பாதை நேராக நாடாவுக்குப் போகும், அதில் எந்தத் திருத்தமும் கிடையாது. பக்கப் பாதையில் மெல்லிய ஒலிகள் மட்டும் பெரிதாகும். ஓர் எல்லையைத் தாண்டினால் அங்கேயே கட்டுப்பட்டு நிற்கும். பிறகு இரண்டையும் கூட்டி எழுதுவார்.

கணக்கு புரிவதற்காகச் சின்ன எண்களை எடுத்துக்கொள்வோம். மெல்லிய ஒலியின் அளவு 1. பக்கப் பாதை 2 சேர்க்கிறது. நாடாவில் 3 என்று எழுதப்படுகிறது. நாடா தன் பங்குக்கு 0.6 இரைச்சல் சேர்த்து 3.6 ஆக்குகிறது. கேட்கும்போது அதே பக்கப் பாதையை வெளிவாயிலில் வைத்து, அது தருவதைக் கழிக்கிறோம். வெளியே வருவது 1.2 என்றால் பக்கப் பாதை அதன் இருமடங்கு, 2.4 தரும், 3.6இல் 2.4 போனால் 1.2, கணக்கு பொருந்திவிட்டது. ஒலி பழைய 1, இரைச்சல் 0.6இலிருந்து 0.2. மூன்றில் ஒன்றாகிவிட்டது.

உரத்த ஒலி 1000 வந்தால்? பக்கப் பாதை தன் எல்லையான, சும்மா 10 என்று வைத்துக்கொள்வோமே, அதை மட்டும் சேர்க்கும். 1010 எழுதி, 10 கழித்து, 1000 கிடைக்கும். இங்கே இரைச்சல் 0.6 அப்படியேதான் இருக்கிறது. ஆனால் ஆயிரத்துக்கு முன்னால் 0.6 யார் காதில் விழும்? பக்கப் பாதை ஏதாவது சிறு பிழை செய்தாலும் அது பத்தில் நடக்கும் பிழை, ஆயிரம் தப்பித்துவிடும். இந்த ஒரு முடிவுதான் முந்தைய கருவிகளையும் டால்பியின் கருவியையும் பிரிக்கிறது. பதிய ஒரு சுற்று, கேட்க வேறொரு சுற்று என்றும் தேவையில்லை. ஒன்றேதான், ஒரு முறை கூட்டும், மறுமுறை கழிக்கும்.

இதில் காதின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. பெரிய ஒலி ஒன்று தன் சுருதிக்கு அருகிலுள்ள சிறிய ஒலியை மறைத்துவிடும். ஆனால் தொலைவிலுள்ளதை மறைக்காது. தவிலின் கனத்த அடி மேல்சுருதியில் ஓடும் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தத்தை மறைக்காது. ஆகவே அடி விழும் நேரத்தில் மேல்பகுதியில் இரைச்சல் குறைப்பு நின்றுவிடக் கூடாது. அதற்காக டால்பி ஒலியை அதிர்வெண் வாரியாக நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்படி செய்தார். 10 டெசிபெல் குறைப்பு கிடைத்தது, அதாவது இரைச்சலின் ஆற்றல் பத்தில் ஒன்று.

1965இல் இந்தியாவிலிருந்து நேராக லண்டன் போய், டால்பி லேபரட்டரீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மறு வருடமே டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவருடைய கருவிகளை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கியது. அப்புறம்தான் வீட்டுக்குள் நுழையும் கேள்வி வந்தது. கூடங்களுக்கு விற்ற கருவி விலையும் பெரிது, உருவமும் பெரிது. நான்கு பட்டைகளை ஒரு வீட்டு டெக்கில் அடைக்க முடியாது. வீட்டு ஒலிக்கருவிகள் செய்துவந்த அமெரிக்கர் ஹென்றி கிளாஸ் எளிய வடிவம் ஒன்று வேண்டும் என்று ஊக்கப்படுத்தினார். 1968இல் ‘பி’ வகை வந்தது. இதில் ஒரே பட்டை, அதுவும் கேசட் இரைச்சல் அதிகம் உறுத்தும் மேல்சுருதியில் மட்டும். அந்தப் பட்டை ஒரே இடத்தில் நிற்காமல் நகரும்: மேல்சுருதியில் உரத்த ஒலி வந்தால், பட்டையின் கீழ்விளிம்பு அதைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டு மிச்சமிருக்கும் பகுதியைக் காக்கும். குறைந்த உதிரிபாகங்களில் இதைச் செய்ததை அவருடைய மிக அழகான வேலை என்றே சொல்வேன். பேச்சைப் பதிய ஏற்றது என்று கருதப்பட்ட கேசட், 1970களில் இசை கேட்கும் சாதனமாக உயர்ந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

டால்பி தானே கேசட் டெக் செய்து விற்கவில்லை. சுற்றின் உரிமத்தை மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்து, விற்கும் ஒவ்வொரு டெக்குக்கும் சிறு தொகை பெற்றார். வியாபாரத் தந்திரம் என்று மட்டும் இதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஜப்பானில் செய்த டெக்கில் பதிந்ததை ஜெர்மனியில் செய்த டெக்கில் கேட்டால் கூட்டியதும் கழிப்பதும் ஒத்துப்போக வேண்டும். நாடாவில் காந்தமாக்கலின் எந்த அளவை ‘டால்பி அளவு’ என்று கொள்வது என்பதை எல்லோரும் ஒன்றாக வைத்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் அளவீட்டுக்கு ஒரு பொது அளவுகோல் வைப்பது போன்ற காரியம் இது. அந்த இரட்டை ‘டி’ சின்னம், இந்தப் பொருள் அந்த அளவுகோலுக்கு உட்பட்டது என்ற உறுதிமொழி.

எங்கள் பொத்தானின் மர்மமும் இங்கேதான் அவிழ்கிறது. பட்டியல் எழுதிக் கொடுத்து, கடையில் பாட்டுகளைப் பதிந்து வாங்கிய கேசட்டுகள் எங்களுடையவை. பதியும்போது அங்கே எதையும் கூட்டவில்லை. மெல்லிய மேல்சுருதி 3 என்ற அளவில் இருந்தால் அதுவே அசல். நாங்கள் பொத்தானை அழுத்தியதும், யாரோ 2 கூட்டியிருப்பார்கள் என்று நம்பிச் சுற்று அந்த 2ஐக் கழித்துவிட்டது. மிஞ்சியது 1. அண்ணன் சொன்னது சரி, பாட்டு மங்கத்தான் செய்தது.

பின்னால் வந்த டிஜிட்டல் காலத்திலும் காதின் அதே மறைப்பு குணம்தான் உதவியது. ஆறு ஒலிவழிகள் கொண்ட டால்பி டிஜிட்டல் 1992இல் திரையரங்குக்கு வந்தது. ஃபிலிம் சுருளில் ஓரத் துளைகளுக்கு நடுவே மிச்சமிருந்த துணுக்கு இடங்களில் அதன் புள்ளிகளை அச்சிட்டார்கள். ஆறாவது வழி கனத்த கீழ்ச்சுருதிக்கு மட்டும் என்பதால் அதை விட்டுவிடுவோம்; மற்ற ஐந்து முழு ஒலிவழிகளை அப்படியே எழுத விநாடிக்கு 38 லட்சம் பிட்டுகளுக்கு மேல் வேண்டும். டிவிடியில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. தோராயமாக எழுதினால் பிழை வரும், பிழை இரைச்சலாகக் கேட்கும். ஆகவே பெரிய ஒலி எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதன் நிழலில் பிழையை ஒதுக்குகிறார்கள். மறைக்க ஆளில்லாத இடத்தில் இரைச்சலைக் கழிப்பது கேசட் காலத்து வேலை. மறைக்க ஆளிருக்கும் இடமாகப் பார்த்து அதை ஒளிப்பது இந்தக் காலத்து வேலை.

ரே டால்பி 2013இல் காலமானார். நான்கு வருடம் கழித்து அவருடைய சொத்திலிருந்து 8.5 கோடி பவுண்டு கேவண்டிஷ் ஆய்வகத்துக்குப் போனது. அங்கே இயற்பியல் துறைக்காக எழுந்திருக்கும் புதிய கட்டடத்துக்கு ரே டால்பி மையம் என்று பெயர்.