சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியை எடுத்ததும் முதலில் திரும்பிப் பார்ப்பது அது நின்றிருந்த தரையைத்தான். நேற்று கட்டைவிரல் அகலத்தில் இருந்த கறை இன்று உள்ளங்கை அகலம். நேர் மேலே இருந்தது டிரான்ஸ்ஃபர் கேஸ். 'சரி, ஆயில் சீல் போச்சு' என்று, சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையத்தின் மேல் பழியைப் போட்டு, புது சீல் வாங்கி மாட்டுகிறோம். பத்தே நாளில் அதே இடத்தில் மறுபடி கறை. நானும் இப்படி ஒரே சீலை இரண்டு முறை மாற்றியவன்தான். இரண்டு முறையும் சீல் மேல் தப்பில்லை.

டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது பெரும்பாலான வண்டிகளில் கியர் பாக்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு குட்டி கியர் பாக்ஸ். வரும் சுழற்சியை முன்னும் பின்னுமாக, சக்கரங்களை நோக்கிப் போகும் இரண்டு நீளத் தண்டுகளுக்கு, அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. லோ ரேஞ்ச் என்ற மெதுவான கியரைப் போட்டால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். பழைய ஜீப் செரோக்கிகளில் வந்த என்பி 231 மாடலில் இது 2.72 மடங்கு. சிலவற்றில் உள்ளே பல்சக்கரங்கள் மட்டும், சிலவற்றில் அகலமான சங்கிலி. என்பி 231-இல் இத்தனைக்கும் சேர்த்து இருக்கிற எண்ணெய் சுமார் 1 லிட்டர்தான். பழைய வண்டிகளில் அது குறைந்தால் சொல்ல விளக்கும் இல்லை, முள்ளும் இல்லை. சொட்டுச் சொட்டாகப் போனாலும் சில மாதத்தில் பேரிங்கும் சங்கிலியும் சூடேறித் தேய ஆரம்பித்துவிடும்.

சீல் ஷாஃப்டை இறுக்கிப் பிடித்து எண்ணெயை அடைக்கிறது என்றுதான் நினைப்போம். உண்மையில் சுழலும் ஷாஃப்ட்டுக்கும் சீலின் ரப்பர் உதட்டுக்கும் நடுவில் சில மைக்ரான் தடிமனில் எண்ணெய்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் ரப்பர் கருகிவிடும். அப்படியானால் ஏன் ஒழுகுவதில்லை? உதட்டின் இரண்டு பக்கச் சாய்வும் ஒன்றுபோல இல்லை. எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் படுத்தாற்போலவும் இருக்கும். இந்த வித்தியாசத்தால், வெளியே வரப்பார்க்கும் எண்ணெயை ஷாஃப்டின் சுழற்சியே உள்ளே திருப்பித் தள்ளுகிறது. சீல் ஒரு மூடி மாதிரித் தெரிந்தாலும் அது ஒரு நுண்ணிய பம்ப்.

பல வருடச் சூட்டில் ரப்பர் இறுகிப்போகும். அதைவிடச் சுவாரசியம், அந்த மெத்தென்ற ரப்பர் எஃகு ஷாஃப்டிலேயே பள்ளம் போட்டுவிடுவது. உதட்டோடு ஒட்டிய தூசியும் மணலும் உப்புத்தாள் மாதிரி வேலை செய்கின்றன. பழைய சீலைக் கழற்றியதும், அது உட்கார்ந்திருந்த இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் புது சீலும் அங்கே ஒழுகத்தான் செய்யும். சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்கார வைத்து உதட்டுக்குப் புதுத் தடம் கொடுக்கலாம், அல்லது 0.3 மில்லிமீட்டருக்கும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவை ஷாஃப்ட் மேல் ஏற்றலாம். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டியும் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் தள்ளாடும்போது எந்த உதடும் அதோடு ஓடிப் பிடிக்க முடியாது.

என் இரண்டு சீல்களைத் தின்றது ப்ரீதர். கேஸின் தலையில் இருக்கும் மூச்சுக்குழாய் அது. பல வண்டிகளில் ஒரு சின்ன ஹோஸ். சேறோ துருவோ அடைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. 20 டிகிரி செல்சியஸில் கிளம்பும் கேஸ் 90 டிகிரிக்குச் சூடாகிறது என்று வைப்போம். கெல்வினில் 293-இலிருந்து 363. உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட 24 சதவீதம் ஏறும். அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று செய்யாத அந்த உதட்டை இதுவே தூக்கிவிடலாம். சூடான கேஸோடு ஓடையில் இறங்கினால் கதை தலைகீழ்: உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ப்ரீதர் ஹோஸைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், அரை நிமிட வேலை.

இனி கண்டுபிடிக்கும் வேலை. முதலில் கழுவ வேண்டும். எண்ணெயும் மண்ணும் கலந்த களி மேல் எதைப் பார்த்தாலும் ஏமாற்றம்தான். டீகிரீஸர் போட்டுக் கழுவி, காயவிட்டு, மூட்டுகள் மேல் டால்கம் பவுடரைத் தூவி, இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். புவியீர்ப்பு எண்ணெயைக் கீழே இழுக்கும், ஓடும்போது காற்று பின்னால் தள்ளும். ஆகவே நனைந்த இடங்களில் மிக மேலே, மிக முன்னே இருப்பதைத் தேடுங்கள். என்ஜினின் பின்பக்க சீலில் கசிந்த எண்ணெய் கியர் பாக்ஸின் அடியிலேயே ஓடி, டிரான்ஸ்ஃபர் கேஸில் வந்து சொட்டுவது ரொம்பச் சகஜம். நிறமும் வாசனையும் துப்புக் கொடுக்கும்: ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் எண்ணெய்) சிவப்பு, கியர் ஆயிலில் கந்தக நெடி, என்ஜின் ஆயில் கறுப்பு.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் இருக்கும் அவுட்புட் சீல்தான் என்றால் சாட்சி தலைக்கு மேலே இருக்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை இணைக்கும் யோக் என்ற கவை சுழன்று எண்ணெயை வட்டமாக விசிறுவதால், சீலுக்கு நேர் மேலே வண்டியின் அடித்தகட்டில் கோடு போட்டாற்போல ஈரம் தெரியும். பழைய லேண்ட் ரோவர்களில் ஹேண்ட் பிரேக் டிரம் அந்தப் பின்பக்க ஷாஃப்ட் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அங்கே கசிவைவிட முந்தி, எண்ணெய் பட்டு மேட்டில் நிற்காத ஹேண்ட் பிரேக் சேதி சொல்லிவிடும்.

நின்றால் ஒழுகாது, ஓடினால் மட்டும் ஒழுகும் என்றால் துளை எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்கலாம். ஜிஎம் பிக்கப்களில் வந்த என்பி 246 இதற்குப் பேர்போனது. உள்ளே இருக்கும் ஆயில் பம்ப் அசைந்து அசைந்து, மெக்னீசியத்தாலான பின்பாதிக் கூட்டை உராய்ந்து ஊசித்துளை போட்டுவிடும். எத்தனை சீல் மாற்றினாலும் அது நிற்காது.

வெளியே சொட்டே இல்லாமல் எண்ணெய் குறைவதும் உண்டு. கியர் பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவில் இருக்கும் இன்புட் சீல் போனால், ஒன்றின் எண்ணெய் மற்றதற்குள் போய்விடும். இரண்டின் மட்டத்தையும் சேர்த்தே பார்த்தால்தான் புரியும்: ஒன்று வற்றியிருக்கும், மற்றதன் ஃபில்லர் ப்ளக்கை, அதாவது எண்ணெய் ஊற்றும் துளையின் மூடியை, தளர்த்தியதும் கொட்டும்.

அப்புறம், எண்ணெய் மாற்றுகிறவர்கள் முதலில் ஃபில்லர் ப்ளக் கழலுகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே எண்ணெயை வடிக்கும் டிரெயின் ப்ளக். வருடக்கணக்கில் துருவேறிய ஃபில்லர் ப்ளக் முனை மழுங்கிக் கழல மறுத்தால், காலியான கேஸோடு வண்டி நிற்கிற இடத்திலேயே நிற்கும்.