சர்வீஸ்தானே போச்சு என்று விடாதீர்கள்

சம்பா அறுப்பு முடிந்த கையோடு மன்னார்குடிப் பக்கத்து ஊர்களில் வாலிபால் கம்பம் நட்டுவிடுவார்கள். பகலில் நான் உடற்கல்வி ஆசிரியர். தை, மாசியில் ராத்திரி மேட்ச்களுக்கு ரெஃப்ரியாக நிற்பேன்.

போன வருடம் ஒரு மேட்ச். கடைசி செட், 13-13. சர்வீஸ் போட வந்த பையன் எகிறி அடித்தான், பந்து நெட்டில். "சர்வீஸ்தானே போச்சு, விடுடா" என்று கேப்டன் தட்டிக்கொடுத்தார். அடுத்த பாயிண்டோடு ஆட்டமே முடிந்தது.

கேப்டன் சொன்னது பழைய கணக்கு. அப்போதெல்லாம் சர்வீஸ் போடுகிற அணிக்குத்தான் பாயிண்ட். சர்வீஸ் தவறினால் பந்து கைமாறும், அவ்வளவுதான். 1998இல் சர்வதேச கூட்டமைப்பு ரேலி பாயிண்ட் முறையை ஏற்றது. அதிலிருந்து யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு ரேலிக்கும், அதாவது சர்வீஸில் தொடங்கிப் பந்து நிற்கும்வரை நடக்கிற ஆட்டத்துக்கு, ஒரு பாயிண்ட் உண்டு. செட்டுக்கு 25, கடைசி செட்டுக்கு 15, இரண்டு பாயிண்ட் முன்னிலையும் வேண்டும். ஒரு செட்டில் ஐந்து சர்வீஸை வீணடித்தால், எதிரணி உழைத்து எடுக்க வேண்டியது 20 பாயிண்ட்தான். நம் பிள்ளைகள் சித்தப்பா, மாமா ஆடுவதைப் பார்த்துக் கற்றவர்கள். அதனால் அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை.

டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் எகிறி அடித்து அவுட்டாக்குகிறார்களே என்று கேட்பார்கள். அங்கே சுலபமான சர்வீஸ் போட்டால் எதிரணி அருமையாக லிப்ட் செய்து ஸ்மாஷ் அடித்துவிடும். அதனால் துணிந்து அடிக்கிறார்கள். நம் ஊர் மேட்ச்சில் சர்வீஸை எடுக்கிற முதல் பாஸே பாதி நேரம் சிதறுகிறது. எதிரணியின் பின்கோட்டுக்கு ஓரடி உள்ளே, ஆள் நகர்ந்து எடுக்கும்படி போட்டாலே போதும். பெண் பிள்ளைகள் கீழ்க்கை சர்வீஸ் போடக் கூச்சப்படுகிறார்கள். தேவையே இல்லை, அதுவும் முழு சர்வீஸ்தான்.

காற்றையும் பாருங்கள். ஆடியில் மேல்காற்று முதுகில் அடித்தால் பந்து கோட்டைத் தாண்டும், முகத்தில் அடித்தால் சட்டென்று இறங்கும். செட்டுக்கு செட் பக்கம் மாறும், கடைசி செட்டில் 8 பாயிண்டிலும் மாறும். அதற்குத் தக்கபடி டாஸை, அதாவது அடிக்கும் முன் பந்தை மேலே போடுவதை, தாழ்வாக வையுங்கள்.

விதியில் அடிபடுகிற இடங்கள் சில. அடிக்கிற நொடியில் கால் பின்கோட்டை மிதித்தால் தவறு. விசில் ஊதிய 8 விநாடிக்குள் அடிக்க வேண்டும். டாஸ் ஒரு தடவைதான்; பிடிக்கவில்லை என்று பந்தைக் கீழே விட்டால் பாயிண்ட் போச்சு. நெட்டை உரசி அந்தப் பக்கம் விழுந்த சர்வீஸுக்குப் பெரியவர்கள் இன்னும் "நெட்!" என்று கத்துகிறார்கள். அது செல்லும், இருபது வருடத்துக்கு மேலாகிறது.

எல்லாவற்றையும்விட மோசம் ரொட்டேஷன் மறதி. எதிரணி சர்வீஸில் நீங்கள் ரேலியை ஜெயித்தால் பாயிண்டும் சர்வீஸும் உங்களுக்கு. எல்லோரும் கடிகாரச் சுற்றில் நகர வேண்டும். முன்வரிசை வலது ஓரத்தில் இருந்தவர்தான் பின்னால் வந்து சர்வீஸ் போடுவார். ஆள் மாறிப் போட்டால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட் போகும். அந்தத் தவறான ஆள் போட்டு எடுத்த பாயிண்ட்களையும் ஸ்கோரர் அழித்துவிடுவார். நாலு பாயிண்ட் அழிந்து அழுத அணியைப் பார்த்திருக்கிறேன்.

அந்த 13-13 பையன் மறுநாள் மைதானத்துக்கு வந்தான். பின்கோட்டை ஒட்டி ஒரு நெல் சாக்கை விரித்துப் போட்டேன். பத்தில் எட்டு அதில் விழும்வரை எகிறி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். நேற்று ஆறு விழுந்தது.