போஷ் சட்டம்: எது தொல்லை, யாரிடம் புகார், எத்தனை நாளுக்குள்

பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் சட்டம் 2013 டிசம்பர் 9 முதல் நடப்பில் இருக்கிறது. ஆபீசுகளில் ‘போஷ்’ என்றால்தான் பலருக்குத் தெரியும். அதற்கு முந்தைய 16 வருடமும் விசாகா வழக்கில் 1997ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளை வைத்தே காலம் ஓடியது. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன கிராமப் பணியாளர் ஒருவருக்கு 1992ல் இழைக்கப்பட்ட கொடுமைதான் அந்த வழக்குக்கு வித்து. சட்டம் வந்த பிறகும், உண்மை முழுக்கத் தன் பக்கம் இருந்தும் நாள் தவறியதால் தோற்கிற புகார் உண்டு. குழு முறையாக அமையாததால் மேல்முறையீட்டில் கவிழ்வதும் உண்டு. அதனால் இங்கே நாள் கணக்குக்கும் தாளுக்கும் கொஞ்சம் அதிகமாகவே இடம் கொடுத்திருக்கிறோம்.

எது தொல்லை?

சட்டம் ஐந்தைச் சொல்கிறது. தொடுவது, உடலளவில் அத்துமீறி நெருங்குவது ஒன்று. பாலியல் இணக்கம் கேட்பதும் வற்புறுத்துவதும் இன்னொன்று. பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது ஆகியவை அடுத்த இரண்டு. ஐந்தாவது விரிந்தது: சொல்லாலோ சைகையாலோ உடலாலோ செய்யும், பாலியல் தன்மையுள்ள, விருப்பமில்லாத வேறு எந்த நடத்தையும் அதில் வரும். இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘தூங்கிட்டீங்களா’ என்று தொடர்ந்து வருவது, ‘சேலையில வந்தாத்தான் ஆபீஸே களைகட்டுது’ என்று எல்லார் முன்னாலும் சொல்வது, ஃபைலை நீட்டும்போது ஒவ்வொரு முறையும் விரலைப் பிடிப்பது எல்லாம் ஐந்தாவதிலோ அதற்கு முந்தையவற்றிலோ அடங்கக்கூடியவை.

‘விருப்பமில்லாத’ என்பதுதான் சாவி. யாருடைய விருப்பம்? அந்தப் பெண்ணுடையது. ‘நான் தப்பான எண்ணத்தில் செய்யவில்லை’ என்பதுதான் விசாரணைகளில் வழக்கமாக வரும் பதில். 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கொன்றில், பெண்களின் இருக்கைக்குப் பின்னால் ஒட்டி நின்றதும் தோளைத் தொட்டதும் வேலையை மேற்பார்வை பார்த்ததுதான் என்று புகாருக்கு உள்ளானவர் வாதிட்டார். செய்தவரின் நோக்கத்தைவிடச் செயலுக்கும், அது அந்தப் பெண்ணுக்கு எப்படிப் பட்டது என்பதற்கும்தான் சட்டம் முக்கியத்துவம் தருகிறது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘அப்போதே வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே’ என்ற கேள்விக்கும் பெரிய எடை கிடையாது. வாய்விட்டு மறுத்திருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் நிபந்தனை போடவில்லை. சம்பளமும் லீவும் யார் கையில் இருக்கிறதோ, அவர் முகத்துக்கு நேரே மறுப்பது எளிதில்லை என்பது வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

இணங்கினால் பதவி உயர்வு என்று குறிப்புக் காட்டுவதும், இணங்காவிட்டால் வேலை போகும் என்று மிரட்டுவதும், அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கவே முடியாதபடி சூழலைக் கெடுப்பதும் தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. தாமதமாக வந்ததற்குத் திட்டுவது, டார்கெட் கேட்டு நெருக்குவது இதில் சேராது. ஆனால் ‘டீ குடிக்கப் போகலாமா’ என்று கேட்டதை மறுத்த மறுவாரத்திலிருந்து மட்டும் அந்தத் திட்டு தொடங்கியதென்றால், அந்த முன்பின் வரிசையே சான்றுதான்.

யாருக்குப் பொருந்தும்?

நிரந்தரப் பணி, தற்காலிகம், தினக்கூலி, ஒப்பந்தம், பயிற்சி, தன்னார்வம் எதுவானாலும் பொருந்தும். சம்பளம் வாங்காதவரானாலும் சரி. வாடிக்கையாளராக, நோயாளியாக அந்த இடத்துக்கு வந்த பெண்ணும் புகார் தரலாம். மில் வேன், கம்பெனி கேப், வெளியூர் மீட்டிங், விற்பனைக்காகப் போன இடம் எல்லாம் பணியிடமே. ‘கான்ட்ராக்டர் ஆள், எங்கள் ஆள் இல்லை’ என்று முதன்மை நிறுவனம் கைகழுவ முடியாது. இந்தச் சட்டத்தில் ஆண்கள் புகார் தர வழியில்லை. உயர்கல்வி நிறுவனங்களில் மட்டும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் மாணவர்களுக்கும் இடம் தருகின்றன.

குழு

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். பேச்சு வழக்கில் ஐசி. தலைவர் அந்த நிறுவனத்திலேயே மூத்த பொறுப்பில் இருக்கும் பெண். ஊழியர்களிலிருந்து குறைந்தது 2 பேர், வெளியிலிருந்து 1 உறுப்பினர், ஆக 4 பேருக்குக் குறையக்கூடாது. மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மிகாது.

தப்பு நடப்பது இங்கேதான். தலைமை அலுவலகத்தில் ஒரு குழு போட்டுவிட்டு, கோவைக் கிளைக்கும் மதுரைக் கிளைக்கும் அதுவே போதும் என்று விடுவது முதல் தப்பு. ஒவ்வொரு கிளைக்கும் தனிக் குழு வேண்டும். வெளி உறுப்பினர் இடத்தில் கம்பெனியின் சொந்த வழக்குகளை நடத்தும் வக்கீலையே உட்கார வைப்பது இரண்டாவது. பெண்கள் நலனுக்கு உழைக்கும் தொண்டு அமைப்பைச் சேர்ந்தவரோ, இந்தப் பிரச்சினையில் பழக்கமுள்ளவரோதான் அந்த இடத்துக்கு உரியவர். நடுநிலை காக்கத்தான் அந்த இடமே. மூன்றாவது, 2019ல் போட்ட குழுவின் பெயர்ப்பலகை இன்னும் தொங்குவது. அதில் பாதிப் பேர் வேலையை விட்டே போயிருப்பார்கள்.

10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடை, கிளினிக், அச்சகம் என்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் இதுதான். தமிழ்நாட்டில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். வட்டம், ஒன்றியம், நகராட்சி அளவிலும் பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும்; கைக்கு வந்த புகாரை அவர் 7 நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். காகிதத்தில் அழகாக இருந்த இந்த ஏற்பாடு பல மாவட்டங்களில் உயிரில்லாமல் கிடந்ததால்தான், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தேதி குறித்து மாநிலங்களை விரட்ட வேண்டி வந்தது. ஷீ-பாக்ஸ் என்ற மத்திய அரசின் இணைய வாசலிலும் பதியலாம். அது தபால்காரர் மாதிரி. உரிய குழுவிடம் சேர்க்கும், தானே விசாரிக்காது.

புகாரும் நாளும்

சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அந்தக் காரணத்தைப் புகாரிலேயே எழுதுங்கள். 6 மாதத்துக்கு மேல் போனால் கதவு மூடியது போலத்தான். மேற்கு வங்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வழக்கில் கடைசிச் சம்பவம் 2023 ஏப்ரல், புகார் டிசம்பர். இடையில் தன்னைப் பொறுப்பிலிருந்து நீக்கியதையும் தொல்லையின் தொடர்ச்சியாகப் பார்க்க வேண்டும் என்றார் புகார்தாரர். அவை நிர்வாக நடவடிக்கைகளே என்று சொல்லி, புகார் காலம் கடந்தது என்பதை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ‘பார்க்கலாம், அவரே திருந்திவிடுவார்’ என்று காத்திருக்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

‘தொடர்ந்து மோசமாக நடந்துகொள்கிறார்’ என்று எழுதினால் குழுவுக்குப் பிடிமானம் கிடைக்காது. ‘மார்ச் 4, மாலை 6.40 இருக்கும், இரண்டாம் தளம் ஸ்டாக் அறை, கதவைச் சாத்திவிட்டு இடுப்பில் கை வைத்தார், நான் விலகி வெளியே வந்தபோது பில்லிங்கில் இருந்த இருவர் பார்த்தார்கள்’ என்று எழுதுங்கள். அவர் சொன்ன சொல்லை நாகரிகம் கருதி மாற்றாமல் அப்படியே போடுங்கள். தேதி சரியாக நினைவில்லையென்றால் ‘பொங்கல் லீவு முடிந்த வாரம்’ என்றாவது குறியுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் எண்ணும் நேரமும் தெரியட்டும். மூலச் செய்தியைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். கம்பெனி மெயிலில் மட்டும் வைத்திருந்தால் ஒரே நாளில் அந்தக் கணக்கு முடக்கப்படலாம். சிசிடிவி பதிவு பல இடங்களில் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். அதைப் பத்திரப்படுத்தச் சொல்லும் ஒரு வரி புகாரிலேயே இருக்கட்டும்.

இணைப்புகள், சாட்சிகளின் பெயர் முகவரியோடு 6 பிரதி தரச் சொல்கிறது விதி. ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. உடல்நிலை காரணமாகத் தர முடியாதவருக்காக உறவினரோ தோழியோ சக ஊழியரோ தரலாம். எச்.ஆரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான்.

விசாரணை

புகார் கிடைத்து 7 வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும். அவர் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். மொத்த விசாரணைக்கும் 90 நாள். முடிந்த 10 நாளுக்குள் அறிக்கை, அது வந்த 60 நாளுக்குள் நிர்வாகம் நடவடிக்கை. தலைவரையும் சேர்த்து குறைந்தது 3 உறுப்பினர் அமர வேண்டும். இரு தரப்பும் வக்கீலை அழைத்து வர முடியாது.

வேகம் வேண்டும், அதற்காக எதிர்த்தரப்புக்கு வாய்ப்புத் தராமல் ஓட்டினால் எல்லாம் பாழ். கோவாவில் 2009ல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழகப் புகாரில் விசாரணை அவசர அவசரமாக முடிக்கப்பட்டது என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2023 மே மாதம் புகாருக்கு உள்ளானவரின் பணிநீக்கத்தை ரத்து செய்து, பழைய இடத்திலிருந்தே மீண்டும் விசாரிக்கச் சொன்னது. 14 வருடம் புகார் தந்த பெண்களுக்கும் சேர்த்துத்தான் போனது.

சமரசம் என்பது பெண் கேட்டால் மட்டும். பணம் கொடுத்து முடிப்பதைச் சட்டம் ஏற்காது. ‘குடும்பஸ்தன், மன்னிச்சிடும்மா’ என்று குழுவே ஆரம்பிப்பது வரம்பு மீறல்.

விசாரணை நடக்கும்போது தனக்கோ எதிர்த்தரப்புக்கோ இடமாற்றம், 3 மாதம் வரை கூடுதல் விடுப்பு, தன் வேலை மதிப்பீட்டை அவர் எழுதக்கூடாது என்ற தடை ஆகியவற்றைப் பெண் எழுத்தில் கேட்கலாம். கேட்காமலே அவளைத் தூக்கி வேறு கிளைக்குப் போடுவதை நிவாரணம் என்று சொல்ல முடியாது.

நிரூபிக்க முடியாமல் போனால் பொய்ப்புகார் என்று தண்டிப்பார்களோ என்ற பயம் பரவலாக இருக்கிறது. சான்று போதவில்லை என்பதற்காக மட்டும் நடவடிக்கை கூடாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னார், போலி ஆவணம் தந்தார் என்று தனியாக விசாரித்து நிலைநாட்ட வேண்டும். முடிவில் திருப்தியில்லாத எவரும் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

போலீசுக்குப் போவதா குழுவுக்குப் போவதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆம் பிரிவில் தொடுதல், இணக்கம் கேட்டல், ஆபாசம் காட்டல் ஆகியவற்றுக்கு 3 ஆண்டு வரையும் பாலியல் சாயலுள்ள பேச்சுக்கு 1 ஆண்டு வரையும் சிறை உண்டு. பெண் விரும்பினால் போலீஸ் புகாருக்கு உதவுவது முதலாளியின் கடமை. உடனடி உதவிக்கு 181.

முதலாளிக்கு

குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். நல்ல செல்போன் ஒன்றின் விலைதான்; மறுமுறை இரட்டிப்பு, உரிமம் ரத்தாகவும் வாய்ப்புண்டு என்பதுதான் உறைக்க வேண்டியது. புகார்தாரர், எதிர்த்தரப்பு, சாட்சி யார் பெயரையும் வெளியிடக்கூடாது. ‘விஷயம் தெரியுமா’ என்று கேன்டீனில் பேசும் குழு உறுப்பினரிடமிருந்து 5,000 ரூபாய் வசூலிக்கலாம்.

குழு உறுப்பினர்கள் யார் என்பதையும் தண்டனை என்ன என்பதையும் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும். எம்.டி. அறைக்கு வெளியே மாட்டினால் எந்தப் பெண் நின்று படிப்பாள்? பெண்கள் ஓய்வறைக்குள்ளும் பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்திலும் போன் எண்ணோடு ஒட்டுங்கள். திருப்பூர் யூனிட்டில் ஒடியா, இந்தி பேசும் பெண்கள் தையல் மெஷினில் இருந்தால் அந்த மொழிகளிலும் பலகை வேண்டும். ஸ்டாக் அறைக் கதவில் கண்ணாடி, இரவு கேப்பில் கடைசியாக இறங்குபவர் பெண்ணாக இல்லாதபடி ரூட் போடுவது போன்றவற்றுக்கு எந்தச் சட்டப்பிரிவும் தேவையில்லை, ஒரு மதிய நேரத்து யோசனை போதும்.